நாற்பத்தொன்றாம் செடி

ஐதராபாத்
8.12.2002

அன்புள்ள அண்ணனுக்கு ஒச்சம்மாள் எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கத்திய காரத்துக்கு வயிறு பழகிவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மதினியும் திவ்யாவும் சுகம்தானே? இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கிணற்றைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கை நிற்கவில்லை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது?

இங்கே எங்கள் ஆராய்ச்சி வயலில் இரண்டு கிணறும் வற்றிவிட்டன. போன மாதம் நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து உன் மோட்டார்க் கிணற்றடியில் நட்டேனே, அன்றைக்குச் செய்யாமல் இருந்திருந்தால் நான்கு வருட வேலை இங்கேயே கருகியிருக்கும். பேராசிரியரே நேற்று அப்படித்தான் சொன்னார்.

நடும்போது நீ ஒன்று கேட்டாய். "எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு, இதுல எது ஒசத்தின்னு எப்பிடிம்மா கண்டுபிடிப்ப?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நெல் ஒன்று இருக்கிறது. தண்ணீரைத் தேடி அதன் வேர் ஆழமாக இறங்கும். மழை பொய்த்தாலும் கதிர் விடும். ஆனால் அந்தச் சோற்றை வாயில் வைக்க முடியாது. நம் பக்கத்து நெல்லின் சோறு நன்றாக இருக்கும், வேர்தான் மேலோட்டம். இரண்டையும் ஒட்டி, பிறக்கும் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப நம் நெல்லோடு சேர்த்து, இந்தச் செடிகள் வரை வந்திருக்கிறோம். சோறு நம்முடையதாகவும் வேர் மட்டும் அதனுடையதாகவும் இருக்க வேண்டும். ஆனால் வேர் மண்ணுக்குள் இருக்கிறது. பிடுங்கிப் பார்த்தால் செடி செத்துவிடும்.

தல்லாகுளத்தில் எதிர்சேவைக்கு நிற்போமே, நினைவிருக்கிறதா? அத்தனை கூட்டத்தில் அழகர் எங்கே வருகிறார் என்று தெரியாது. தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் தீப்பந்தக்காரர்களும் கண்ணில் பட்டதும் அப்பா நம்மைத் தோளில் தூக்கி, "சாமி பின்னாடியே வருது" என்பார். அவர்கள் சாமி இல்லை. ஆனால் சாமியை ஒட்டியே வருகிறவர்கள். செடியின் மரபணுவிலும் அப்படித்தான். வேர்க் குணத்தை ஒட்டியே வரும் சின்ன அடையாளம் ஒன்று உண்டு. அதைக் குறி என்கிறோம். ஒரு துண்டு இலை இருந்தால் போதும், குறி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆழ வேருக்கு மூன்று இடத்தில் குறி வேண்டும். மூன்றும் ஒரே செடியில் இருக்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு செடியிலும் விரல் நீளத்துக்கு இலை கிள்ளி, நான் கொடுத்த, ஈரம் உறிஞ்சும் நீல மணி போட்ட பைகளில் தனித்தனியாகப் போட்டு, பையின் மேல் செடியின் எண்ணை எழுதி அனுப்பு. ஜூன் கடைசியில் இந்த வேலையை மூடுவதா தொடர்வதா என்று ஒரு குழு வந்து முடிவு செய்யும். அன்றைக்கு என் கையில் விதை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதை மறுபடி தொடங்க யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். ஒரே ஒரு செடி தேறினால் போதும், அண்ணே.

மதினிக்கு என் அன்பு. திவ்யாவைப் படிக்கச் சொல்.

உன் தங்கை
ஒச்சம்மாள்

*

நொச்சிக்குளம்
19.12.2002

அன்புத் தங்கை ஒச்சம்மாளுக்கு தங்கப்பாண்டி எழுதுவது. கருப்பு துணையால் இங்கு எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது என்று உன் மதினி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இலைகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நடும்போது அறுபத்துநான்கு இருந்தது. பூச்சியில் இரண்டு போய்விட்டது. அந்த இரண்டு பையும் காலியாக இருக்கும், பயப்படாதே. திவ்யா நீல மணியை மிட்டாய் என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டுத் துப்பினாள். ஒன்றும் ஆகவில்லை.

கிணற்றில் காலையில் அரைமணி நேரம் மோட்டார் ஓடுகிறது. பிறகு காற்றுதான் வருகிறது. அதனால் உன் செடிகளுக்குக் குடத்தில் எடுத்து ஊற்றுகிறோம். பக்கத்து வயல் சிவனாண்டி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, குடத்துல மொண்டு வெவசாயம் பாக்குற? இன்னும் கொஞ்ச நாள்ல சங்குல பால் ஊத்துவ போலயே" என்றான். "ஒனக்கு ஊத்துறதுக்கு முன்னாடி பழகிக்கிறேன்" என்றேன். அவன் வயலில் நெல்லே இல்லை, மண்கட்டிதான் இருக்கிறது. அதனால் கோபப்படாமல் சிரித்தான்.

என் நெல் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டாய். இருக்கிறது.

இங்குள்ள எல்லோரும் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

அண்ணன்
தங்கப்பாண்டி

*

ஐதராபாத்
27.1.2003

என் அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம்தானே? எனக்குச் சளிக் காய்ச்சல் வந்து போய்விட்டது. பதில் தாமதமானதற்குக் காய்ச்சல் காரணமில்லை. இங்கே மின்சாரம் நின்று நின்று வருகிறது. ஒரு தடவை பாதியில் நின்றால் அன்றைய வேலை எல்லாம் வீண்.

சேதியைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்திரண்டில் ஒன்று. ஒன்றே ஒன்று! நாற்பத்தொன்றாம் எண் செடி.

கூழ் போன்ற ஒரு தகட்டில் மின்சாரம் விட்டால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பாதையில் கோடுகள் விழும். முதலில் பார்த்தவள் வசுந்தரா. அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன். மதுரைக்காரி, வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்கள், அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். இங்கே தினக்கூலி உதவியாளராக இருக்கிறாள். இலைகள் வந்த அன்று குழாய்களில் எண் எழுதியதும் அவள்தான். "ஒச்சு, இங்க வா! மூணும் நிக்குது, மூணும் நிக்குது!" என்று கத்தினாள். பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடிவந்துவிட்டார்கள்.

மூன்று குறி ஒன்றாகச் சேர்வது அவ்வளவு அபூர்வம், அண்ணே. மற்றவற்றில் ஒன்று இருக்கிறது, சிலவற்றில் இரண்டு. நாற்பதாம் செடியில் ஒன்றுமே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு செடிகளில் ஒன்றில் எல்லாம், ஒன்றில் சூனியம்.

இதற்குள் பூத்திருக்கும். நாற்பத்தொன்றைக் காப்பாற்று. குருவி, ஆடு, எலி, ஆள் எதுவும் அண்டக் கூடாது. மற்றவை காய்ந்தாலும் பரவாயில்லை. தண்ணீரை அதற்குக் கொடு.

உன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வதாக நினைத்துக்கொள்.

ஒச்சம்மாள்

*

நொச்சிக்குளம்
5.2.2003

தங்கை ஒச்சம்மாளுக்கு,

இங்கு யாவரும் நலமாக இருக்கிறோம். உன் சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடி, மாத்திரையைக் குறை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு வயலுக்குப் போனேன். நாற்பத்தொன்று நீ சொல்லாமலே தனியாகத் தெரிகிறது. மற்றது எல்லாம் மத்தியானத்தில் இலையைச் சுருட்டிக்கொள்கிறது, அது மட்டும் விரித்து நிற்கிறது. ஐந்து கதிர் வாங்கியிருக்கிறது.

காவலுக்கு ஒரு வழி செய்துவிட்டேன். ஆட்டுக்காரர்களிடம் ஆராய்ச்சி, குறி என்று சொன்னால் யாருக்குப் புரியும்? முள் வைத்தால் முள்ளை எடுத்து அடுப்பெரிப்பார்கள். அதனால் செடியைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, கொசுவலையால் மூடி, மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, "இது பதினெட்டாம்படிக் கருப்புக்கு நேர்ந்தது" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். இப்போது அந்த வரப்பில் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிவனாண்டி நேற்றுக் கும்பிட்டுவிட்டுப் போனான்!

உன் மதினியிடமும் அப்படியேதான் சொல்லிவைத்திருக்கிறேன். அவளிடம் உண்மையைச் சொன்னால் அது குழாயடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நீயும் போனில் உளறிவிடாதே.

அண்ணன்
தங்கப்பாண்டி

*

ஐதராபாத்
15.2.2003

அண்ணே,

நீயும் வீட்டில் உள்ளவர்களும் நன்றாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், அதற்குக் காரணம் உன் கடிதம். கருப்புக் காவலைப் படித்து நானும் வசுந்தராவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "எங்க ஆபீஸ் வாட்ச்மேனத் தூக்கிட்டு ஒங்கண்ணனப் போடலாம்டி" என்றாள்.

கதிர் பழுத்ததும் நாற்பத்தொன்றைத் தனியாக அறுத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு அனுப்பு. மற்றதோடு ஒரு மணிகூடக் கலக்கக் கூடாது. அதைக் கையில் வாங்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஒச்சம்மாள்

*

நொச்சிக்குளம்
24.3.2003

தங்கைக்கு,

நலம். உன் இரண்டு கடிதமும், கடையில் சொல்லிவைத்த போன் சேதியும் கிடைத்தது. மோட்டார் காயில் புகைந்துவிட்டதால் அலைச்சல். பதில் எழுத முடியவில்லை.

விதை அனுப்பியிருக்கிறேன். பையில் எண் எழுதியிருக்கிறது.

தங்கப்பாண்டி

*

ஐதராபாத்
29.4.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் போன கடிதம் அவ்வளவு சின்னதாக இருந்தது. உனக்கு உடம்பு சரியில்லையா? முழங்காலா? எதுவாக இருந்தாலும் எழுது.

இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது. நீ அனுப்பிய விதையில் முப்பது மணியைக் கோப்பைகளில் முளைக்கப் போட்டு, ஒவ்வொன்றிலும் இலை எடுத்துப் பார்த்தோம். மூன்று குறியும் உள்ள தாயின் பிள்ளைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குறியாவது இருக்க வேண்டும். நம் அப்பாவுக்குப் பிறந்த முப்பது பேரில் ஒருவருக்குக்கூட அப்பா ஜாடை இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது. ஒன்றில்கூட ஒரு குறியும் இல்லை.

மறுபடி அரைத்தேன், மறுபடி பார்த்தேன். இல்லை.

பேராசிரியர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "முதலில் வந்த இலைகளுக்குக் குழாயில் எண் எழுதியது யார்?" என்று கேட்டார். எண் மாறிப்போயிருக்கும், குறி உள்ள செடி வேறு ஏதோ ஒன்று, அதை நாம் காயவிட்டுவிட்டோம் என்கிறார். வேறு எப்படியும் நடக்க வழியில்லையே, அண்ணே. நானும் வேறு வழி யோசித்துப் பார்த்துவிட்டேன்.

வசுந்தராவைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. "நான் ரெண்டு ரெண்டு தடவை சரி பாத்துத்தான் எழுதினேன், ஒச்சு. நீயாவது நம்புறியா?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. உடனே சொல்லியிருக்க வேண்டும். அவள் மேசையிலிருந்து அந்தக் குட்டிப் பிள்ளையார் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் கடைசிக்கு இரண்டே மாதம். எனக்கு ராத்திரியும் பகலும் ஒன்றாக இருக்கிறது. அங்கே மற்றச் செடிகளில் ஏதாவது உயிரோடு இருக்கிறதா? உடனே எழுது.

உன்
ஒச்சம்மாள்

*

நொச்சிக்குளம்
12.5.2003

அன்புத் தங்கைக்கு,

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கு வெயில் ஏறிவிட்டது. திவ்யாவுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. வேப்பிலை அரைத்துப் பூசி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது.

மற்றச் செடிகள் இல்லை. எல்லாம் காய்ந்துவிட்டது.

அந்த மிஷின் தப்பே செய்யாதா? சைக்கிளில் மீட்டர் மாட்டினால்கூடத் தப்பாகக் காட்டுகிறது.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய்.

சிவனாண்டி ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னான். அறுத்த நெல்லின் அடித்தூர் தண்ணீர் விட்டால் மறுபடி துளிர்க்கிறது அல்லவா? அந்தத் துளிர் அதே செடிதானா, இல்லை வேறாகிவிடுமா? அவனுக்கு அதில் ஒரு பந்தயம்.

தங்கப்பாண்டி

*

ஐதராபாத்
20.5.2003

அண்ணனுக்கு,

திவ்யாவின் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். அம்மைத் தழும்பைச் சொறிய விடாதே.

முதலில் சிவனாண்டி அண்ணனின் சந்தேகம். அடித்தூரில் வரும் துளிர் அதே செடிதான். சலவைக்காரர் வேட்டி மூலையில் மையால் குறி போடுவார் அல்லவா? எத்தனை தடவை வெளுத்தாலும், கிழித்துக் கோவணமாகக் கட்டினாலும், அந்த மூலையில் குறி அப்படியே இருக்கும், இன்னார் வீட்டுத் துணி என்று சொல்லும். செடிக்குள் இருக்கும் குறி அதைவிட அழுத்தமானது. இலையில், தண்டில், வேரில், அறுத்துப் பத்து தடவை துளிர்த்தாலும் ஒவ்வொரு துளிரிலும் அதே குறி இருக்கும்.

இப்போது என் சந்தேகம்.

நீ மிஷின் தப்புச் செய்யாதா என்று கேட்டாய். உன் கடிதம் வரும் முன்பே நானும் அதையே நினைத்து, குளிர்பெட்டியில் மிச்சம் இருந்த அறுபத்திரண்டு இலைகளையும் எடுத்து, முளைத்த நாற்றுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேர்க் குறி மட்டுமல்ல, வேறு பல இடங்களிலும் பார்த்தேன். ஒன்பது நாள் ஆனது. எண் மாறியிருந்தால் இந்த நாற்றுகளின் தாய் யார் என்று தெரிந்துவிடும் அல்லவா?

தெரிந்துவிட்டது. இவை நாற்பதாம் செடியின் பிள்ளைகள். நாற்பத்தொன்றில் இல்லாத, நாற்பதில் மட்டும் இருக்கும் ஓர் அடையாளம் இவற்றில் இருக்கிறது. நாற்பத்தொன்றின் இலையில் மூன்று குறியும் இன்றைக்கும் நிற்கிறது. வசுந்தரா எழுதிய எண் சரி. அவள் எழுதிய எல்லா எண்ணும் சரி.

அப்படியானால் பை மாறியது இங்கே இல்லை, அண்ணே.

கைமறதியாக நடந்திருக்கலாம். வெயில், அலைச்சல், பக்கத்துப் பக்கத்துச் செடி. அப்படி என்றால் ஒரு வரி எழுது, போதும். நாற்பத்தொன்றின் கதிர் வீட்டில் எங்கேயாவது இருக்கும், தேடு. ஆனால் அப்படி இல்லை என்றால் என்னிடம் கடிதத்தில் சொல்ல வேண்டாம். நம் ஊரில் வழக்கு முற்றினால் எங்கே போவார்கள்? அழகர்கோவிலுக்குப் போய் அந்தச் சந்தனம் பூசிய கதவின் முன்னால் நில். "நான் பையில் போட்டது நாற்பத்தொன்றுதான்" என்று கருப்பு அறியச் சத்தியம் செய்துவிட்டு வா. செய்துவிட்டேன் என்று எழுதினால் நான் இந்தக் கோடுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு உன்னை நம்புகிறேன்.

ஒச்சம்மாள்

*

நொச்சிக்குளம்
6.6.2003

அம்மா ஒச்சம்மாளுக்கு உன் அண்ணன் எழுதுவது.

நீ சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைக் கேட்காதே.

அழகர்கோவிலுக்குப் போனேன். கோட்டைவாசல் தாண்டி, வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கதவு தெரிகிற இடம் வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மாசிக் கடைசி வெள்ளிக்கு ஊர் சார்பில் முதல் கதிரைக் கருப்பு வாசலில் சாத்துவது உனக்குத் தெரியும். வருசத்துக்கு ஒரு வீட்டு முறை. சாத்தாமல் யாரும் புது நெல்லை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. இந்த வருசம் ஊரில் யார் வயலிலும் கதிர் இல்லை. கருப்பு ஊரைக் கைவிட்டுவிட்டது என்று பேச்சாக இருந்தது. அப்போது யாரோ சொல்லியிருக்கிறார்கள், "ஏன், தங்கப்பாண்டி ஏற்கெனவே நேர்ந்துவிட்டிருக்கான்ல?"

அன்றைக்கு நான் மோட்டார் காயில் கட்ட விளாங்குடிப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். ஊர்க்காரர்கள் கொட்டோடு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். உன் மதினி தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு போய், வலையை நீக்கி, கும்பிட்டு அறுத்திருக்கிறாள். ஐந்து கதிரும் ஒரு பிடி. நான் திரும்பி வந்தபோது குச்சி நாலும் மஞ்சள் துணியும் இருந்தது, நடுவில் தூர் மட்டும். உன் மதினி வாசலில் நின்று, "ஊரே நம்மளக் கையெடுத்துக் கும்பிட்டுச்சுங்க" என்றாள். அவள் முகத்தை நீ பார்த்திருந்தால் நீயும் என்னைப்போலத்தான் வாயை மூடியிருப்பாய்.

அப்படியே அழகர்கோவிலுக்குச் சைக்கிளை மிதித்தேன். கதவில் மாலைதான் தொங்கியது, கதிர் இல்லை. கீழே தேடினேன். படியில், கல் இடுக்கில், கூட்டத்தின் காலுக்கு நடுவில் கையை வைத்துத் துழாவினேன். ஒரு அம்மா, "என்னண்ணே, மோதரம் விழுந்துருச்சா?" என்று கேட்டாள். "ஆமாத்தா" என்றேன். பூக்காரர்தான் சொன்னார். "கதிரா? அந்தா மதில் மேல ஒக்காந்து உருவித் திங்குது பாருங்க." பெரிய தாட்டான் குரங்கு. கடைசிக் கதிரை வாயில் வைத்து இழுத்துவிட்டு, சக்கையை என் மேல் போட்டது. அந்தச் சக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் உதறிப் பார்த்தேன். ஒரு மணி இல்லை.

ஊரில் எப்படிச் சொல்வேன்? மழை இல்லாத வருசத்தில், கருப்பு பேரைச் சொல்லிப் பொய்க் காவல் போட்டவன் இவன்தான், அதனால்தான் மழை இல்லை என்று முடித்துவிடுவார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நீயே அதைப் படித்துச் சிரித்தாய் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் நாற்பது இருந்தது. ஒரு தாயும் தகப்பனும் பெற்றதுதானே, உடன்பிறப்புக்குள் அவ்வளவு வித்தியாசமா இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அதை அறுத்துப் பையில் நாற்பத்தொன்று என்று எழுதினேன். தூர் துளிர்த்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும், நாள் கிடைத்தால் போதும் என்றுதான் கணக்குப் போட்டேன். நான் ஒளித்து வைத்தது நாளை மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண்ணின் சோறு அதில் போகும் என்று தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு கடிதம் பொய் எழுதினேன். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

சந்தேகம் கேட்டது சிவனாண்டி இல்லை.

அன்றையிலிருந்து தூருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். என் நெல் தையிலேயே போய்விட்டது. மோட்டார் அரைமணி நேரம் ஓடுகிறது என்று எழுதியபோதே அதற்கு மடை திறப்பதை நிறுத்திவிட்டேன். அதைச் சொல்லி உன்னிடம் இரக்கம் கேட்கவில்லை, கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். பங்குனி முழுக்கத் தூர் செத்ததுபோல் இருந்தது. சித்திரையில் ஒரு துளிர் வந்தது. பிறகு இன்னொன்று. ஒன்று இப்போது கதிர் வாங்கிப் பால் பிடிக்கிறது. சின்னக் கதிர்.

இத்துடன் ஓர் இலை இருக்கிறது. பையில் எண் எழுதவில்லை. என் கையால் எழுதிய எண்ணை இனி நீ நம்ப வேண்டாம். மிஷினிடமே கேள்.

இந்தக் கடிதத்தை உன் பேராசிரியரிடம் படித்துக் காட்டு. அந்தப் பெண்ணிடமும் காட்டு.

தங்கப்பாண்டி

*

ஐதராபாத்
16.6.2003

அண்ணனுக்கு,

மதினியும் திவ்யாவும் நலம்தானே?

உன் கடிதத்தைப் பேராசிரியருக்கு வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். குரங்கு வரும் இடத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே வசுந்தராவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார், வரச் சொன்னார்.

வந்தாள். அந்த ஓர் இலையை அவளே அரைத்தாள், அவளே தகட்டில் ஓட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். விளக்கைப் போட்டதும் தெரிந்தது. மூன்றும் நின்றன, அண்ணே. மூன்று குறியும்.

நாற்பத்தொன்றுதான்.

அவள் இந்தத் தடவை கத்தவில்லை. படம் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "நம்பர நான் எழுதல ஒச்சு. நீயே எழுதிக்க" என்றாள். மதுரை கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலை கிடைத்திருக்கிறதாம், ஊருக்கே போகிறாளாம். பேராசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வாசல் வரைக்கும் போனேன். "நீ அன்னைக்கு யோசிச்ச பாரு, அதுதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உன் பொய் ஒரு பாதி, நான் பேசாமல் நின்றது ஒரு பாதி. சேர்ந்துதான் அவளை அனுப்பினோம்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. உன் நெல்லை நினைத்தால் அழுகை வருகிறது. இரண்டும் ஒன்றாக வருவதால் இரண்டையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. நேரில் வந்து செய்துகொள்கிறேன்.

குழு முப்பதாம் தேதி வருகிறது. இருபத்தாறாம் தேதி ரயில் ஏறுகிறேன். கதிரை அறுக்காதே. நான் வந்து பார்க்கும்வரை எதையும் அறுக்காதே. மணி முற்றுமா, அண்ணே? உள்ளே அரிசி பிடிக்காமல் சாவி ஆகிவிடாதே?

ஒச்சம்மாள்

*

நொச்சிக்குளம்
21.6.2003

அன்புத் தங்கை ஒச்சம்மாளுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், உன்னை எதிர்பார்த்துக்கொண்டு.

பாதி மணி சாவிதான். மீதி கெட்டிப்படுகிறது. நகத்தால் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் பால் தெரிகிறது. நாலைந்து நாள் வேண்டும். கிணற்றில் இறங்கி, சேற்றில் குழி பறித்து, ஊறுவதைச் செம்பில் மொள்கிறேன். பகலில் ஓலை மறைப்பு வைக்கிறோம், சாயங்காலம் எடுக்கிறோம்.

ஊரில் சொல்லிவிட்டேன். மந்தையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் வீட்டுப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சிவனாண்டி ஒரு குடம் தண்ணீரோடு வரப்பில் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. "ஒனக்கில்ல மாப்ள, செடிக்கு" என்று வைத்துவிட்டுப் போனான்.

உன் மதினி என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது. நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். அதுவும் என்னிடம் இல்லை. அழகர்கோவிலுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய், நான் போக முடியாமல் திரும்பினேனே, அந்தக் கதவு முன்னால் நின்றிருக்கிறாள். அவள் சொன்னதை, அங்கே கும்பிட வந்திருந்த சிவனாண்டி பெண்சாதி கேட்டுவந்து சொன்னாள்: "கருப்பா, அந்தக் கதிர ஒனக்குன்னு நேரல. எம் புருசன் வாய் பண்ணுன வேல. தெரியாமக் குடுத்துட்டேன், குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். இப்ப நிக்கிறது எங்க ஒச்சுவோடது. அவ வந்து தொடுற வரைக்கும் அதுல ஒரு மணி கொறஞ்சாலும் ஒங்கிட்டத்தான் வந்து கேப்பேன்."

திரும்பி வந்ததும் பாயை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். செடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

இந்தத் தடவை வலை இல்லை, மஞ்சள் துணி இல்லை. எண் அட்டையையும் எடுத்துவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எது என்று நீ தேட வேண்டியதில்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பச்சையாக நிற்பது அது ஒன்றுதான்.

சீக்கிரம் வா, அம்மா. சேறு இறுகிக்கொண்டிருக்கிறது.

அண்ணன்
தங்கப்பாண்டி